ஒரு ஃபைலில் எத்தனை மூன்று

மார்பகப் புற்றுநோய் வந்த அக்காவின் ஃபைலில் மூன்று இடத்தில் 3 இருந்தது. கட்டியின் அளவு 3 செ.மீ. கிரேடு 3. ஹெர்2 என்ற வரிக்கு எதிரே 3+. முதலில் அதைப் புரட்டிப் பார்த்த பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "மூணாவது ஸ்டேஜ் போட்டிருக்கு" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. போனில் அழுதவர்களும் உண்டு. ஸ்டேஜ் என்ற சொல்லே அதுவரை அந்த ஃபைலில் எங்கேயும் இல்லை. ஸ்கேன் எல்லாம் முடிந்து பின்னால் எழுதப்பட்டபோது அது 2.

பெரியப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. ஐந்தாறு தனித்தனிக் கேள்விகளுக்குத் தனித்தனி அளவுகோலில் எழுதப்பட்ட பதில்களை அடுத்தடுத்த தாள்களாகக் கோத்து வைத்திருப்பதுதான் புற்றுநோய் ஃபைல். ஓர் அளவுகோலில் 0 வந்தால் ஆகச் சிறந்த செய்தி. இன்னொன்றில் 0 என்றால் 'இன்னும் படம் எடுக்க வேண்டும்'. ஒன்றில் 3 கவலைக்குரியது, மற்றொன்றில் 3 வந்தால்தான் ஒரு நல்ல மருந்துக்குக் கதவு திறக்கும். எண்ணைப் பார்த்ததும் அடிவயிறு கலங்குவது இயல்பு. அது எந்தக் கேள்விக்கான எண் என்று கேட்டுக்கொண்டால் பாதிக் கலக்கம் குறைகிறது. சில சமயம் கலங்க வேண்டிய இடம் வேறு என்றும் தெரிகிறது. நான் மருத்துவன் இல்லை. சிகிச்சை முடியும்வரை அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே போனவன். மருத்துவர்களை நச்சரித்துத் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டேஜிலிருந்தே தொடங்கலாம். நோய் தொடங்கிய இடத்தை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத்தான் ஸ்டேஜ் சொல்கிறது. பியர் டெனுவா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1943க்கும் 1952க்கும் இடையில் உருவாக்கிய டி.என்.எம். முறைதான் இன்றைக்கும் பெரும்பாலான கட்டிகளுக்கு அடிப்படை. டி என்பது முதல் கட்டியின் அளவு அல்லது அது எவ்வளவு ஆழம் புகுந்திருக்கிறது என்பது. என் என்பது பக்கத்து நிணநீர் முடிச்சுகள். தொண்டைப் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டும் இல்லையா, அந்த முடிச்சுகள்தான். எம் என்பது தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்பது. அக்காவுக்கு டி2 என்0 எம்0. மார்பகத்தில் 2 செ.மீ.க்கு மேல் 5 செ.மீ. வரை டி2. முடிச்சில் இல்லை, தூரத்தில் இல்லை. இந்த மூன்றையும் அட்டவணையில் பொருத்தினால் ஸ்டேஜ் 2 வரும். எழுத்துக்குப் பக்கத்தில் எக்ஸ் போட்டிருந்தால் 'கணிக்க முடியவில்லை' என்று அர்த்தம், 'இல்லை' என்று அர்த்தமில்லை. எழுத்துக்கு முன்னால் சிறிய சி இருந்தால் ஸ்கேனையும் கைப் பரிசோதனையையும் வைத்துப் போட்ட கணக்கு. பி இருந்தால் அறுவை சிகிச்சையில் எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் போட்டது. ஒய் இருந்தால் கீமோவோ ரேடியேஷனோ கொடுத்த பிறகு போட்டது. ஸ்கேனில் 2 என்றவருக்கு அறுவைக்குப் பிறகு 3 என்று வருவதுண்டு. நோய் ஒரே மாதத்தில் ஓடிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். பெரும்பாலும் நோய் அங்கேயேதான் இருந்திருக்கும், இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

இதுவரைக்கும் எளிதுதான். சிக்கல் என்னவென்றால், ஸ்டேஜ் எண்ணுக்கும் உறுப்புக்கு உறுப்பு எடை மாறும். 'நாலாவது ஸ்டேஜ்' என்ற சொல்லை நாம் ஒரு தீர்ப்பாகவே பயன்படுத்திப் பழகிவிட்டோம். தைராய்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பில்லரி, ஃபாலிக்குலர் என்ற வகைகள் 55 வயதுக்குக் கீழே வந்தால் அவர்களுக்கு 1, 2 என்ற இரண்டே ஸ்டேஜ்கள்தான். நுரையீரலுக்கே பரவியிருந்தாலும் ஸ்டேஜ் 2. அதே தைராய்டில் அனாபிளாஸ்டிக் என்ற அரிய வகை வந்தால், கட்டி அந்தச் சுரப்பிக்குள்ளேயே இருந்தாலும் கண்டுபிடிக்கும்போதே ஸ்டேஜ் 4. ஒரே உறுப்பு, ஒரே டி.என்.எம்., ஆனால் வகை மாறியதும் கணக்கே மாறிவிட்டது. விந்தகப் புற்றுநோய்க்கு நான்காவது ஸ்டேஜே கிடையாது. 3 வரைதான், பரவிய பிறகும் அதில் பெரும்பான்மையோரைக் குணப்படுத்த முடிகிறது. நிணநீர் மண்டலத்தில் வரும் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் ஸ்டேஜ் 4 என்று எழுதிய ஃபைலோடு வந்து, சிகிச்சை முடித்து, பல ஆண்டுகள் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நிறைய. இரத்தப் புற்றுநோய்க்கு டி.என்.எம். பொருந்தாது. இரத்தம் உடம்பு முழுக்க ஓடுவது, அதில் எது பக்கம், எது தூரம்?

ஸ்டேஜைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பொதுவாக மாறுவதில்லை. முதலில் 2 என்று எழுதப்பட்டவருக்கு ஐந்து வருஷம் கழித்து நோய் திரும்பி எலும்புக்குப் போனால், மருத்துவர்கள் 'ஸ்டேஜ் 2 ஆக இருந்தது, இப்போது எலும்பில் திரும்பியிருக்கிறது' என்றுதான் குறிப்பார்கள். ஏனென்றால் ஒரே ஸ்டேஜில் கண்டுபிடிக்கப்பட்டவர்களை ஒப்பிட்டுத்தான் எல்லாப் புள்ளிவிவரமும் தயாராகிறது.

கிரேடு வேறு சங்கதி. அது பயாப்ஸியில், அதாவது ஊசி வழியாக எடுத்த சின்னத் துணுக்கிலேயே தெரிந்துவிடும். செல்கள் தாங்கள் பிறந்த திசுவின் சாயலை எவ்வளவு தொலைத்திருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதைப் பார்த்துப் போடும் மதிப்பெண். மார்பகத்தில் மூன்று அம்சங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை கொடுத்துக் கூட்டுவார்கள். 3 முதல் 5 வரை கிரேடு 1. 6, 7 வந்தால் 2. 8, 9 வந்தால் 3. அதாவது மிக மெதுவான வகைக்கே கூட்டுத்தொகை 3 வரும்! ஃபைலில் இன்னொரு 3. இதைக் கேட்டபோது பெரியப்பா நினைவு வந்து சிரித்துவிட்டேன்.

ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் கிளீசன் ஸ்கோர் என்று போடுவார்கள். டொனால்டு கிளீசன் 1960களில் கொண்டுவந்த முறை. துணுக்கில் தெரியும் செல் அமைப்புகளுக்கு 5 வரை போடும் இரண்டு எண்களின் கூட்டல். இன்றைய நடைமுறையில் ஊசித் துணுக்கில் புற்றுநோய் என்று எழுதப்படும் மிகக் குறைந்த கிளீசன் 6. பத்துக்கு ஆறு என்று பார்க்கிறவர் பாதிக்கு மேல் போய்விட்டதாக நடுங்குகிறார். மருத்துவரோ உடனே வெட்டவும் வேண்டாம், அவ்வப்போது சோதித்துக் கவனித்துக்கொண்டே இருக்கலாம் என்கிறார். 3+4ம் 7 தான், 4+3ம் 7 தான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. முதல் எண்தான் அதிகமாகக் காணப்படும் வகை. அதனால் 4+3 தான் கூடுதல் கவலை. இந்தக் குழப்பத்தைக் குறைக்க இப்போது 1 முதல் 5 வரை கிரேடு குரூப் என்றும் பக்கத்தில் எழுதுகிறார்கள். குழப்பம் குறைந்ததா என்றால், எண்கள் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான் சொல்வேன்.

மூளைக் கட்டிக்குப் பொதுவாக ஸ்டேஜ் போடுவதில்லை, கிரேடு மட்டும்தான். அங்கே கிளியோபிளாஸ்டோமாவுக்குக் கிரேடு 4. அதனால் 'கிரேடு தானே, ஸ்டேஜ் இல்லையே' என்று ஆறுதல் சொல்வதும் எல்லா இடத்திலும் சரிப்படாது. மார்பகத்திலும் புதிய முறையில் கிரேடு, ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு ஸ்டேஜ் போடும் பழக்கம் வந்திருக்கிறது. முழுக்கத் தனித்தனி என்று நினைத்தவை மெல்ல ஒன்றோடொன்று பேச ஆரம்பித்திருக்கின்றன.

சரி, வகைக்கு வருவோம். 'என்ன கேன்சர்?' என்று யாராவது கேட்டால் நாம் உறுப்பின் பெயரைச் சொல்கிறோம். நுரையீரல், வயிறு, கருப்பை வாய். மருத்துவர்களுக்கு அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, எந்த வகைச் செல்லில் தொடங்கியது என்பது. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தாலும் பெரிய குடும்பங்கள் சிலதான். தோலிலும், உறுப்புகளின் உள்ளுறையிலும், சுரப்பிகளிலும் தொடங்குபவை கார்சினோமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோயில் 80 முதல் 90 விழுக்காடு இந்தக் குடும்பம். சுரப்பிச் செல்லில் வந்தால் அடினோகார்சினோமா, தட்டையான செல்லில் வந்தால் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. எலும்பு, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வருபவை சார்கோமா. பெரியவர்களிடம் அரிது, குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் விகிதம் கூடுதல். நிறமிச் செல்லில் வருவது மெலனோமா.

உறுப்பின் பெயர் மட்டும் போதாது என்பதற்கு நுரையீரலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஸ்மால் செல் என்ற வகை மிக வேகமாகப் பரவும். கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் அறுவையின் எல்லையைத் தாண்டியிருக்கும். கீமோதான் முதல் ஆயுதம், கூடவே ரேடியேஷனோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியோ. நான்-ஸ்மால் செல் என்பது நுரையீரல் புற்றுநோயில் ஏறத்தாழ 85 விழுக்காடு. அதற்குள்ளேயே அடினோகார்சினோமா என்றால் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்று மரபணு மாற்றங்களைத் தேடுவார்கள். கிடைத்தால் தினம் விழுங்கும் மாத்திரையே சிகிச்சையாகலாம். பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் 'நுரையீரல் கேன்சர்' என்று இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவருக்குச் சொட்டுச் சொட்டாகக் கீமோ இறங்கும், மற்றவர் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். 'அவருக்குக் கொடுத்ததை எங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை?' என்று கோபப்படுகிற உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பயாப்ஸி ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்.

இரத்தத்தில் மூன்று பெரிய பிரிவுகள். எலும்பு மஜ்ஜையில் தொடங்கி இரத்தத்தில் நிறைவது லுகேமியா. நிணநீர் மண்டலத்தில் கட்டியாகத் திரள்வது லிம்ஃபோமா. பிளாஸ்மா செல்களில் வருவது மைலோமா. லுகேமியாவோடு அக்யூட், க்ரானிக் என்று சேர்ந்து வருவது வேகத்தைப் பற்றிய குறிப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேகமான அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாதான் குழந்தைகளிடம் மிக நன்றாகக் குணமாகிற புற்றுநோய்களில் ஒன்று. வசதியுள்ள நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். மெதுவான க்ரானிக் லிம்ஃபோசிட்டிக் லுகேமியா முதியவர்களுக்கு வரும்போது, பலருக்கு ஆரம்பத்தில் எந்த மருந்தும் கொடுக்க மாட்டார்கள். பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 'இரத்தப் புற்றுநோய்னு சொல்லிட்டு சும்மா அனுப்பிட்டாங்களே' என்று குடும்பம் தவிக்கும். சும்மா அனுப்பவில்லை, அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே மருந்து கொடுப்பதால் ஆயுள் கூடுவதாகச் சோதனைகளில் தெரியவில்லை, பக்கவிளைவு மட்டும் நிச்சயம். க்ரானிக் மைலாய்டு லுகேமியாவின் கதை தனி. 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குட்டையான குரோமோசோமைப் பார்த்தார்கள். 1973இல் ஜேனட் ரௌலி அது 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்தது என்று காட்டினார். 2001இல் அந்த ஒட்டுப்போட்ட மரபணு செய்கிற புரதத்தையே முடக்கும் இமாட்டினிப் மாத்திரை வந்தது. அதற்கு முன் சில ஆண்டுகளே தந்துகொண்டிருந்த நோய், மாத்திரையோடு வாழ்கிற நோயாகிவிட்டது.

'ஓமா' என்று முடிந்தாலே புற்றுநோய் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. லைப்போமா வெறும் கொழுப்புக் கட்டி, ஃபைப்ரோமாவும் சாதுதான். மெலனோமாவும் லிம்ஃபோமாவும் சாது இல்லை. ஆக வாலைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்-சிட்டு என்று எழுதியிருந்தால் செல்கள் மாறியிருக்கின்றன, ஆனால் பிறந்த அடுக்கைத் தாண்டி உள்ளே புகவில்லை என்று பொருள். ஸ்டேஜ் 0 என்பது இதுதான்.

அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் பரவுதல். எங்களோடு சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு முன்பு மார்பகத்தில் வந்து சரியாகியிருந்தது, இப்போது முதுகெலும்பில். 'பழசு போச்சு, இப்ப போன் கேன்சர் புதுசா வந்திருக்கு' என்றுதான் அவருடைய மகன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எலும்புக் கேன்சருக்கு ஏன் மார்பகத்துக்கான ஹார்மோன் மாத்திரை கொடுக்கிறார்கள் என்று அவருக்கு ஒரே சந்தேகம். எலும்பில் உட்கார்ந்திருப்பவை மார்பகத்துச் செல்கள். மைக்ராஸ்கோப்பில் அவற்றுக்கு மார்பகத்தின் சாயல், மருந்துக்கு அடங்குவதும் பெரும்பாலும் மார்பகத்துச் செல்லைப் போலவே. எலும்பிலேயே பிறக்கும் ஆஸ்டியோசார்கோமா வேறு நோய், வேறு மருந்து. செல்கள் ஏன் சில உறுப்புகளையே தேடிப் போகின்றன என்பதை 1889லேயே லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் யோசித்திருக்கிறார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். அந்த உவமை இன்னும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிலருக்குப் பரவிய இடம் தெரியும், தொடங்கிய இடம் எவ்வளவு தேடியும் கிடைக்காது. அதற்கென்றே 'அன்னோன் பிரைமரி' என்று ஒரு தனித் தலைப்பு வைத்திருக்கிறார்கள்.

எண்களுக்கு அடுத்தபடியாக ஆளைக் குழப்புவது பாசிட்டிவ், நெகட்டிவ். முடிச்சு பாசிட்டிவ் என்றால் நோய் அங்கே போயிருக்கிறது, நல்லதில்லை. வெட்டிய ஓரம் பாசிட்டிவ் என்றால் விளிம்புவரை புற்றுச் செல் இருக்கிறது. திரும்ப அறுக்க வேண்டி வரலாம். ஈ.ஆர்., அதாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பாசிட்டிவ் என்றால் கட்டி ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்கிறது, அதைத் தடுக்க டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. பொதுவாக நல்ல செய்தி. ஹெர்2தான் இதில் விசித்திரம். மார்பகப் புற்றுநோயில் 15 முதல் 20 விழுக்காடு பேருக்கு அந்தப் புரதம் செல்லின் மேல் அளவுக்கு அதிகமாக இருக்கும். ஒரு காலத்தில் அது மோசமான செய்தி, ஏனென்றால் அந்தக் கட்டிகள் மூர்க்கமானவை. 1998இல் டிராஸ்டுசுமாப் சந்தைக்கு வந்தது. அந்தப் புரதத்தையே பிடித்துக்கொள்ளும் மருந்து. புரதம் அதிகம் இருக்கிறவர்களுக்குத்தான் அது வேலை செய்யும். ஆக 3+ என்றால் மருந்து உண்டு. 2+ என்றால் தீர்மானமில்லை, ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை. 0, 1+ என்றால் நெகட்டிவ் என்றார்கள். 2022க்குப் பிறகு 1+ஐயும், ஃபிஷ்ஷில் நெகட்டிவான 2+ஐயும் 'ஹெர்2 லோ' என்று பிரித்து, பரவிய நோயில் அவர்களுக்கும் ஒரு மருந்து கொடுக்கிறார்கள். இருபத்தைந்து வருஷத்துக்குள் ஒரே அளவுகோலின் அர்த்தம் இரண்டு தடவை புரண்டிருக்கிறது. ஈ.ஆர்., பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்2 மூன்றும் நெகட்டிவ் என்றால் டிரிப்பிள் நெகட்டிவ். மூன்று நெகட்டிவ் என்று சந்தோஷப்பட்டு யாரும் போன் போட்டுவிடக் கூடாது. இந்த மூன்று வழியாகவும் மருந்து செல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அக்காவின் ஃபைலில் பெரியப்பாவை அதிகம் பயமுறுத்திய 3+ தான் கடைசியில் அவளுக்கு ஆகவும் உதவிய வரி.

ஸ்கேன் ரிப்போர்ட்டுகளின் நடை தனி. 'அன்ரிமார்க்கபிள்' என்று பார்த்துவிட்டு அக்கா, "என்னடா, கல்லீரலைப் பத்தி சொல்ற மாதிரி ஒண்ணுமே இல்லைங்கறாங்க, அவ்வளவு மோசமா?" என்று கேட்டாள். குறிப்பிடும்படி கோளாறு எதுவும் இல்லை என்று அர்த்தம். ரேடியாலஜி ரிப்போர்ட்டில் கிடைக்கக்கூடிய ஆக நல்ல பாராட்டு அது. மேமோகிராமில் பைராட்ஸ் என்று 0 முதல் 6 வரை போடுவார்கள். 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் எடுங்கள். 1 என்றால்தான் சுத்தம். 6 என்றால் ஏற்கெனவே பயாப்ஸியில் உறுதியானது. நோயாளி நடமாடும் நிலைக்கு ஈகாக் என்று ஓர் அளவுகோல். அதில் 0 என்றால் முன்போல எல்லா வேலையும் செய்கிறார், 4 என்றால் முழுக்கப் படுக்கை. எந்தச் சிகிச்சையைத் தாங்குவார் என்று முடிவு செய்ய இந்த எண்ணைத்தான் பல தடவை ஸ்டேஜுக்கு முன்னால் பார்க்கிறார்கள். கவனித்தால் தெரியும், மருத்துவர் 'வீட்டு வேலை செய்யறீங்களா, பகல்ல எவ்வளவு நேரம் படுத்திருக்கீங்க?' என்று கேட்பது குசலம் விசாரிப்பதற்காக மட்டும் இல்லை.

பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரை. சர்க்கரையை அதிகம் உறிஞ்சுகிற எதுவும் ஒளிரும். மூளை எப்போதுமே ஒளிரும். சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பையும் ஒளிரும். காசநோய் முடிச்சும், ஆறிக்கொண்டிருக்கும் தழும்பும்கூட ஒளிரும். இரத்தத்தில் பார்க்கும் ட்யூமர் மார்க்கரும் அப்படித்தான். சூலகப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சி.ஏ.125 மாதவிடாயின்போதும், கருப்பையின் உள்ளுறை வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் ஏறும். புராஸ்டேட்டுக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. வயதானால் பெரிதாகும் புராஸ்டேட்டிலும் அங்கே வரும் கிருமித்தொற்றிலும் ஏறும். முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் இவற்றைக் காரணமில்லாமல் எடுத்துப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் தூக்கம் தொலைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், எடுக்கச் சொன்னவர்கள் மேல்.

சிகிச்சைச் சொற்களில் அட்ஜுவன்ட் என்றால் அறுவைக்குப் பின் கொடுப்பது, நியோ அட்ஜுவன்ட் என்றால் முன்னால் கொடுப்பது. அக்காவுக்கு முதலில் கீமோவும் டிராஸ்டுசுமாப்பும் என்றதும், 'ஆபரேஷன் பண்ண முடியாத அளவுக்குப் போயிடுச்சு போல' என்று மறுபடியும் ஒரு வதந்தி. கட்டியைச் சுருக்கிவிட்டு அறுப்பதற்காகவும், மருந்துக்குக் கட்டி மசிகிறதா என்று கண்ணெதிரே பார்ப்பதற்காகவும் இப்போது இந்த வகையில் அப்படித்தான் வழக்கம். அறுவைக்குப் பிறகு அவளுடைய ரிப்போர்ட்டில் ஒய்பிடி0 ஒய்பிஎன்0 என்று வந்தது. மருந்துக்குப் பிறகு தேடியதில் புற்றுச் செல் எதுவும் அகப்படவில்லை. 'அப்புறம் எதுக்கு ரேடியேஷன், எதுக்கு இன்னும் ஊசி?' என்று கேட்டோம். கண்ணுக்கு அகப்படாததை நினைத்துத்தான் என்றார் மருத்துவர்.

பேலியேட்டிவ் என்ற சொல்லைக் கேட்டால் பல குடும்பங்கள் எழுந்து போய்விடும். கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வலி, மூச்சுத் திணறல், வாந்தி, பயம், தூக்கமின்மை ஆகியவற்றைக் கவனிக்கும் துறை அது. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே கூட நடக்கலாம். 2010இல் பாஸ்டனில் 151 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. எல்லோருக்கும் பரவிய நிலையில் நான்-ஸ்மால் செல் நுரையீரல் புற்றுநோய். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பேருக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கவனிப்பும். அந்தக் கவனிப்புக் கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் உக்கிரமான சிகிச்சைகளும் குறைவாகவே கொடுக்கப்பட்டன. ஆனாலும் அவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள்: இடைநிலை 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. இந்த ஓர் ஆய்வை எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் ஒட்டிவைக்கலாம் என்பது என் கட்சி.

இடைநிலை என்றேன். அதுவும் ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டிய எண். உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. நூலகத்தில் தேடியபோது இடைநிலை ஆயுள் 8 மாதம் என்று இருந்தது. பாதிப் பேர் அதற்குள் இறந்துவிடுகிறார்கள், சரி, மறுபாதி எவ்வளவு நாள் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அந்தப் பக்கத்து வால் மிக நீளமானது. அவர் 20 ஆண்டுகள் இருந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. 8 மாதம் என்ற எண்ணிலிருந்து ஒரு தனி ஆளுக்கு இத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்பதுதான் விஷயம். ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதமும் அப்படி. ஐந்தாண்டு தாண்டியவர்களைக் கணக்கிட வேண்டுமானால் அவர்கள் குறைந்தது ஐந்தாண்டுக்கு முன் சிகிச்சை தொடங்கியவர்களாக இருக்க வேண்டும். அன்றைய மருந்துகளின் மதிப்பெண்தான் இன்று நாம் படிப்பது.

குணம் என்ற சொல்லை மருத்துவர்கள் லேசில் உச்சரிக்க மாட்டார்கள். ரெமிஷன் என்பார்கள், நோய்க்கான அடையாளம் இல்லை என்பார்கள். கஞ்சத்தனம் மாதிரி தெரியும். 1 செ.மீ. கட்டிக்குள் 100 கோடி செல்கள் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தாலும் ஸ்கேனுக்குத் தெரியாது, ஆனால் எண்ணிக்கை பத்து லட்சம். அக்யூட் லுகேமியாவில் மஜ்ஜையில் பிளாஸ்ட் என்ற முதிராத செல்கள் 5 விழுக்காட்டுக்குக் கீழே போவது முழு ரெமிஷனுக்கான முக்கிய நிபந்தனை. முதல் மாதத்திலேயே அதை எட்டிவிட்ட குழந்தைக்கு இரண்டு மூன்று வருஷம் சிகிச்சை தொடர்வது இதனால்தான். இப்போது பத்தாயிரம் செல்லில் ஒன்று மிஞ்சியிருக்கிறதா என்றுகூடப் பார்த்து, எம்.ஆர்.டி. (மிஞ்சிய நோய்) என்று ஒரு வரி எழுதுகிறார்கள். அந்தக் குழந்தையின் அப்பா அம்மாவுக்கு 'ரெமிஷன்' என்ற சொல்லைவிட அந்த வரிதான் முக்கியம்.

கடைசியாக, பெரும்பாலானோர் கேட்டு வாங்காத ஒன்று. பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்று பெயர். அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் ரிப்போர்ட்டின் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ரிப்போர்ட் ஒருவர் பார்த்து எழுதியது. அடுத்தவர் அதையே படிப்பதால் புதிதாக ஒன்றும் தெரியாது. ஸ்லைடையும் பிளாக்கையும் லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டால், கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். அரிய வகைகளிலும், லிம்ஃபோமாவிலும், சார்கோமாவிலும் மறுபடி பார்க்கும்போது வகையே மாறிய சம்பவங்கள் உண்டு. திரும்ப ஊசி குத்தாமல் புதிய பரிசோதனைகளையும் அதில் செய்யலாம். பிளாக்கை வெயிலில் வைக்க வேண்டாம், மெழுகு. வேலை முடிந்ததும் லேபிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒரு சீட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள்.